நான்காவது ஷெட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு அது தொடங்கியது. எங்கள் வீட்டுக் கூடத்தில், தீவன மூட்டைகளை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசின் மேல் என் மகள் ஏறி நின்றாள். சிவப்பு எண்கள் ஓடித் தடுமாறி நின்றன. நூற்றுப் பத்தொன்பது கிலோ நானூறு கிராம். முந்தைய செவ்வாயன்று அதே தராசில், அதே நேரத்தில் சரியாக நூற்றுப் பத்தொன்பது இருந்தாள். எடை குறைய அவளுடைய இரைப்பையில் பேண்டு என்ற வளையத்தை வைத்து அன்று முப்பதாவது நாள். குறைய வேண்டியவள் கூடியிருந்தாள்.

"கூடியிருக்குது" என்றேன்.

"எந்திரிச்சதும் குடிச்ச தண்ணியே நானூறு கிராம் இருக்குமுங்கப்பா" என்றாள். ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அப்பொ இனிமே தண்ணி குடிக்காம ஏறி நில்லு சாமி" என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கோழிப் பண்ணைக்குப் போகிற அவசரத்தில், செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னேன். இப்போது எந்த வேலையில் இருந்தாலும் அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. முட்டைத் தட்டுகளின் அட்டிகளை எண்ணும்போது கேட்கிறது. வண்டி ஓட்டும்போது கேட்கிறது. எதிரில் பேசிக்கொண்டிருப்பவர் என்ன சொன்னார் என்று அவரிடமே திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே எங்கள் பண்ணை. மூன்று ஷெட்டுகள், பன்னிரண்டாயிரம் முட்டைக் கோழிகள். இந்தப் பக்கத்தில் இது சின்னப் பண்ணைதான். நான் பி.எஸ்ஸி. படித்தவன். வேலைக்குப் போகாமல் இதில் இறங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. குஞ்சாக வந்து முட்டைக்கு வரும்வரை ஒவ்வொரு வாரமும், ஒரே கிழமையில், தீனி போடும் முன், நூற்றுக்கு ஒன்றாகக் கோழிகளைப் பிடித்து நிறுப்போம். அந்த வாரத்துக்கு இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று குஞ்சு கொடுக்கும் கம்பெனி ஓர் அட்டவணை தரும். நிறுத்த எடையை அதன் பக்கத்தில் எழுதுவோம். எங்கள் கிழமை செவ்வாய். அதற்கென்று தீவன அறையில் ஒரு நீளமான நோட்டு தொங்கும்.

அதனால் என் மகளையும் செவ்வாய்க்கிழமையில் நிறுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. கை அப்படிப் பழகியிருந்தது.

அவளுக்கு இருபத்தேழு வயது. சின்னதிலிருந்தே கனத்த உடம்பு. அதைப் பற்றி நாங்கள் வருத்தப்பட்டதுண்டு, பயந்ததில்லை. போன வருடம்தான் பயம் வந்தது. அவள் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதை முதலில் என் மனைவிதான் கவனித்தாள். ஒரு மூச்சு வரும். அடுத்தது வராது. நாம் எழுந்து போய்த் தொடலாமா என்று நினைக்கும்போது, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவளைப் போல இழுத்து விடுவாள். சேலத்தில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்றார்கள். அப்போது அவள் எடை நூற்று இருபத்து நாலு.

ஆப்பரேஷன் என்று முடிவெடுத்தது அவள்தான். இரைப்பையை வெட்டாமல், மேல்பகுதியில் சிலிக்கோன் வளையம் ஒன்றை மாட்டுவது. வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, விலாவுக்குக் கீழே தோலுக்கடியில் சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு மூடியில் முடியும். அந்த மூடியில் ஊசியைக் குத்தி உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். அப்போது கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அறுவை செய்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். டிஸ்சார்ஜ் அன்று மறுபடியும் சொன்னார்.

"இப்ப வளையம் காலியாத்தான் இருக்கு. காயம் ஆறணும். ஆறு வாரம் கழிச்சுத்தான் முதல் தடவையா தண்ணி ஏத்துவோம். அதுவரைக்கும் பசிக்கும். முதல் ரெண்டு வாரம் வெறும் நீர் ஆகாரம்ங்கறதால கொஞ்சம் குறையும். அப்பறம் நிக்கும், கொஞ்சம் ஏறக்கூடச் செய்யலாம். வீட்டுல எடை பாக்காதீங்க. தண்ணி மட்டும் விடாம, வாய் வாயா, நாள் முழுக்கக் குடிக்கணும்."

"சரிங்க" என்று தலையாட்டினேன். எல்லாம் புரிந்துதான் ஆட்டினேன். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தாள். எங்கள் வீட்டுச் சின்னத் தராசு அப்படிக் காட்டியது. மூன்றாம் வாரம் சாதத்தைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கியதும் எடை நின்றது. "பசிக்குதும்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அளவுதான் சாப்பிட்டாள், ஒரு கரண்டி கூட அதிகமில்லை. ஆனால் 'பசிக்குது' என்ற சொல் எனக்குள் உறுத்தியது. வயிற்றுக்குள் ஒரு வளையத்தை வைத்த பிறகும் எப்படிப் பசிக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியிலிருந்து என் அக்கா பார்க்க வந்தாள். பழம், பலகாரம் எல்லாம் எடுத்து வந்திருந்தாள். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா தம்பி, வயித்தக் கட்டியாச்சுன்னு போன்ல சொன்னியே. கட்டுனது அவுந்துகிச்சாட்ட இருக்குது?"

"இன்னும் கட்டவே இல்லீங்க அத்தை. சும்மா மாட்டித்தான் வெச்சிருக்காங்க" என்றாள் மகள்.

"சும்மா மாட்டி வெச்சதுக்கா இந்த அலும்பு? நானும் நாலு நாளு பட்டினி கெடந்தா அஞ்சு கிலோ எறங்கீரும் சாமி, பேண்டே வேண்டாம்."

மகளும் சிரித்தாள், என் மனைவியும் சிரித்தாள். அக்கா கெட்டவள் அல்ல. போகும்போது மகளின் தலையைத் தடவி, "நல்லா ஆயிருவ கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் போன பிறகு நான் தீவன அறைக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசைத் துடைத்து, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு டெம்போவே தேவையில்லை, வீடு இருநூறு அடிதான். கையில் தூக்கி வந்தால் ஆட்கள் பார்ப்பார்களே என்று நினைத்திருக்கிறேன் போல. அப்படியென்றால் அப்போதே எனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, அது தீவனம் போடற தராசுங்க. தவுட்டு மூட்டையா அவ?"

"ஊட்டுத் தராசு அரைக் கிலோவுக்குக் கீழ காட்டாது. இது அம்பது கிராம் கொறஞ்சாலும் காட்டும்."

"காட்டி?"

நான் தராசைக் கூடத்தில் இறக்கினேன். பிளக்கைச் சொருகினேன்.

அந்த வாரம் நூற்றுப் பத்தொன்பது. அடுத்த வாரம்தான் நான் முதலில் சொன்ன அந்தச் செவ்வாய், நானூறு கிராம் கூடிய நாள். அன்றைக்குப் பிறகு வாரம் ஒருமுறை என்பது தினமும் என்று ஆனது. தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு அவள் பள்ளிக்கூடப் புடவையைக் கட்டும் முன், நைட்டியோடு வந்து ஏறி நிற்பாள். நான் குனிந்து எண்ணைப் படிப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய தட்டிலும் கை வைத்தேன். காலையில் ஓர் அவித்த முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னேன். நாளொன்றுக்குப் பத்தாயிரம் முட்டை எடுக்கிறவன், என் மகளுடைய தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். குழைத்த சாதத்துக்குப் பதில் அரை டம்ளர் கஞ்சி என்றேன். மனைவி சண்டை போட்டாள். "டாக்டரம்மா பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்குது, அத விட நீங்க பெரிய டாக்டருங்களா?" என்றாள். மகள்தான், "விடும்மா, ரெண்டு வாரம்தானே" என்று அவளை அடக்கினாள்.

இதில் என்னால் விழுங்கவே முடியாத ஒன்று உண்டு. வளர்கிற கோழி அட்டவணையைவிட எடை கூடிவிட்டால் நாங்கள் தீனியைக் குறைக்கமாட்டோம். அது முதல் பாடம். குறைத்தால் கோழி கெட்டுப்போகும், பிறகு முட்டைக்கே வராது. முந்தின வாரம் போட்ட அளவையே போட்டுக்கொண்டு பேசாமல் இருப்போம். இரண்டு வாரமோ மூன்று வாரமோ போனால் எடையும் அட்டவணையும் தாமாக ஒன்று சேரும். புதிதாகப் பண்ணை போட்டவர்கள் பதறிப்போய்ப் போன் செய்தால், "சும்மா இருங்க, தானா வரும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அவளுக்குப் பள்ளி விடுமுறை. சாப்பிடக் கூப்பிட தீவன அறைக்கு வந்தாள். நான் வெளியே லோடு ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். எதையோ எழுத அவளுக்குப் பேனா தேவைப்பட்டிருக்கிறது. பேனா அந்த நோட்டில்தான் கட்டியிருக்கும். நான் உள்ளே போனபோது நோட்டு அவள் கையில் விரிந்திருந்தது.

பக்கத்தின் இடது ஓரத்தில் ஒன்றாம் ஷெட், இரண்டாம் ஷெட், மூன்றாம் ஷெட் என்று என் கையெழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'பாப்பா' என்று எழுதியிருந்தேன். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு நேராக ஒவ்வொரு நாளின் எடை. கூடிய நாளுக்குச் சிவப்பு மை. கோழிகளுக்கும் அப்படித்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நாலாவது ஷெட்டுங்களாப்பா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாயில் கிண்டல் இருக்கும், அம்மாவைப் போல. நானும் சிரிக்கப் பார்த்தேன். "சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான் சாமி" என்றேன். அவள் நோட்டை மூடி, ஆணியில் மாட்டி, அது ஆடாமல் நிற்கும்வரை கையால் பிடித்திருந்தாள். பிறகு, "சோறு ஆறிரும், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அந்தப் பக்கத்தை அன்றைக்கே கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எழுதினேன்.

ஏனென்றால் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. நூற்றுப் பதினெட்டு எழுநூறு. நூற்றுப் பதினெட்டு நூறு. நூற்றுப் பதினேழு நானூறு. நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதுவதற்குத்தான் எனக்குக் கை வர மறுக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். திங்கட்கிழமை காலையில் சமையலறைக்குப் போய் மனைவியிடம், "பாத்தியா? நாம கொஞ்சம் இறுக்கிப் புடிச்சதும் எப்புடி எறங்குது?" என்றேன்.

"எண்ணப் பாத்தீங்க. அவ மொகத்தப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

பார்க்கவில்லை. பிறகு நினைத்துப் பார்க்கும்போதுதான் உதட்டில் தோல் வெடித்திருந்தது நினைவுக்கு வந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் படுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. 'பசிக்குது' என்று அவள் சொல்லி நாலைந்து நாள் ஆகியிருந்ததும் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் கண் பார்த்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை.

நிறுக்கும் முன் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் முந்தின இரவிலிருந்தே கடைப்பிடித்திருக்கிறாள். பிறகு சாயந்திரத்திலிருந்து. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, அம்மா பார்க்கும் முன் துளசிச் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். அது பங்குனிக் கடைசி. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.

அடுத்த செவ்வாய், முப்பத்தேழாவது நாள். தராசு நூற்றுப் பதினாறு தொள்ளாயிரம் காட்டியது. "பரவால்ல சாமி" என்றேன். அவள் இறங்கிப் போய்ப் புடவை கட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் ஷெட்டுக்குப் போனேன். வெயில் காலத்தில் கோழிகள் வாடாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டியில் எலக்ட்ரோலைட் உப்புப் பவுடர் கலப்போம். தொட்டிக்கு மேல் ஏறி நின்று அதைக் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகளின் எண். ஒன்பது பத்து.

ஆண் குரல் பேசியது. "ஏனுங்க, இந்த போனுக்குச் சொந்தக்காரங்க அப்பாங்களா? நான் பஸ் கண்டக்டர் பேசறேனுங்க. பதறாதீங்க. புள்ள மயங்கிருச்சுங்க. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆஸ்பத்திரில சேத்திருக்கறமுங்க. நீங்க வாங்க."

என் கையில் பவுடர் ஒட்டியிருந்தது. அப்படியே போனேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போனேன், எந்த இடத்தில் வண்டியைத் திருப்பினேன் என்பது நினைவில் இல்லை. ராசிபுரத்தில் ஒரு பாட்டில் சலைன் ஏற்றி, ஆப்பரேஷன் நடந்த இடத்துக்கே கொண்டு போய்விடுங்கள் என்று ஆம்புலன்சில் அனுப்பினார்கள். வண்டிக்குள் மகள் ஒருமுறை கண்ணைத் திறந்து, "இன்னிக்கு எட்டாவதுக்கு ஸ்லிப் டெஸ்ட்டும்மா. ஸ்கூலுக்குச் சொல்லிரு" என்றாள். மறுபடியும் மூடிக்கொண்டாள்.

சேலத்தில் டாக்டரம்மா வேறொரு அறுவையில் இருந்தார். டூட்டி டாக்டர், சின்ன வயசு, மகளின் கையைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே மடிந்து நின்றது.

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"காலைல ரெண்டு வாய்" என்றாள் மகள்.

"அப்பறம்?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரத்தம் எடுத்துப் போனார்கள். சிறுநீரகத்தின் எண்கள் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கவிட்டார்கள். சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, பைக்குள் சிறுநீர் வந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டூட்டி டாக்டர். அப்போது மணி பன்னிரண்டு.

நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் மேல் கோடுகள் இருந்தன. ஐம்பது, நூறு, நூற்றைம்பது. அடியில் டீ நிறத்தில் சில சொட்டுகள் கிடந்தன. ஒரு மணிக்கும் அதே சொட்டுகள். ஒன்றரைக்கும் அதே. நர்ஸ் வந்து குனிந்து பார்த்து, "இன்னும் வரலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நானும் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். கோழிகளுக்குத் தண்ணீர் அளக்கும்போது அப்படித்தான் பார்ப்பேன்.

"அதையாச்சும் அளக்காம இருங்க" என்றாள் மனைவி. காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் யாருக்கோ போன் செய்து, மாடு கறந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் மாடு கறக்கிறார்கள் என்பதே எனக்குக் கோபமாக இருந்தது. என் மகள் கண் எதிரில் காய்ந்துகொண்டிருந்தாள். இதை வேறு யாரும் அவளுக்குச் செய்யவில்லை. நான் செய்தேன்.

இரண்டே முக்காலுக்கு மனைவி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "வருதுங்க" என்றாள். நான் உள்ளே போகவில்லை. போய்ப் பார்த்தால் எவ்வளவு என்று பார்ப்பேன் என்று எனக்கே தெரிந்தது. வராந்தாவிலேயே நின்றேன்.

நாலரைக்கு டாக்டரம்மா வந்தார். கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்த மகளைத் தோளில் கை வைத்துப் படுக்க வைத்தார்.

"இத எடுத்துருங்க டாக்டர்" என்றாள் மகள்.

"எத?"

"வயித்துக்குள்ள வெச்சத. அது வேலை செய்யல."

"அது இன்னும் வேலையிலயே சேரலையேம்மா. ஆர்டரே அடுத்த வாரந்தான் குடுக்கப்போறோம். அதுக்குள்ள டிஸ்மிஸ்ஸா?"

மகள் சிரிக்கவில்லை. கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது. உடம்பில் அதற்கும் தண்ணீர் இருந்ததே என்று எனக்குத் தோன்றியது.

"எடுத்துட்டா மூச்சுக்கு என்ன பண்றது? அதுக்குத்தானே வந்தீங்க?" என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார், "வீட்டுல எடை பாத்தீங்களா?"

"பாத்தேன். நானாத்தான் பாத்தேன்."

இப்படி ஒரு பொய்யை எனக்காக யாரும் சொன்னதில்லை. மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

"நான்தாங்க" என்றேன். "தினமும் நான்தான் நிறுத்தேன். தண்ணி குடிக்காம நில்லுன்னும் நான்தான் சொன்னேன்."

டாக்டரம்மா திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க பயம் புரியுது" என்றார். "ஆனா உங்க பயத்தையும் சேத்து இவங்க சுமக்க முடியாது. முதல் ஊசிய மூணு வாரம் தள்ளிப் போடறேன். எடுக்கணுமா, இருக்கட்டுமான்னு அதுக்குள்ள இவங்க முடிவு பண்ணட்டும். வர்றதா இருந்தா தனியா வரட்டும். நீங்க வர வேண்டாம்."

மூன்று நாள் அங்கே இருந்தாள். நாலாவது நாள் வீட்டுக்கு வந்தோம். நான் தராசைத் தீவன அறைக்கே கொண்டுபோனேன், இந்த முறை கையில் தூக்கிக்கொண்டு. இப்போது மூட்டையை ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எண்ணை வேலை செய்யும் ஆள்தான் படித்துச் சொல்கிறார். என்ன நினைக்கிறாரோ, கேட்பதில்லை.

அந்த மூன்று வாரம் எங்கள் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. மகள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். வெயிலைப் பற்றி, முட்டை லாரி வராததைப் பற்றி, பரீட்சைத் தாளில் பிள்ளைகள் எழுதிய கூத்தைப் பற்றி. ஆனால் நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் கையில் இருக்கும் டம்ளர் ஒரு கணம் நிற்கும். குடிப்பதா வேண்டாமா என்று அந்தக் கை யோசிப்பது எனக்குத் தெரியும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்கே அது தெரியாது. அதனால் நான் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். பண்ணையிலேயே இருப்பேன். அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள் என்று தெரிந்த பிறகு வருவேன். ஒருநாள் மனைவி வந்து, "இப்புடி ஒளிஞ்சுக்கிட்டா சரியாப் போயிருங்களா?" என்று கேட்டாள். "தெரியலை" என்றேன். உண்மையில் தெரியவில்லை.

பேண்டை எடுக்கப் போகிறாளா, வைத்துக்கொள்ளப் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் தூங்கும் அறைப் பக்கம் போனால் அந்த மூச்சு கேட்கும். நின்று, வந்து, நின்று. எடுத்துவிட்டால் இது இப்படியேதான் இருக்கும். எடுக்காதே என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னொரு வாக்கியத்தை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன வியாழக்கிழமை காலையில் குளித்து, சுடிதார் போட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, "சேலம் போயிட்டு வாரேனுங்கப்பா" என்றாள். என்ன செய்யப் போகிறாள் என்பதை அப்போதும் சொல்லவில்லை. அம்மாவையும் வேண்டாம் என்றுவிட்டாள். தண்ணீர் பாட்டில் பையின் பக்கவாட்டில் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நிறைந்திருந்தது.

இரண்டு மணிக்கு மெயின் ரோட்டு ஸ்டாப்பிங்குக்குப் போய்விட்டேன். பேக்கரிக்காரர் நாற்காலி போட்டார். உட்கார முடியவில்லை. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நின்றது, யாரோ இறங்கினார்கள், போயிற்று. அவள் வந்தால் என்ன பேசுவது என்று பழகிக்கொண்டேன். எவ்வளவு என்று கேட்கக் கூடாது. என்ன சொன்னாங்க என்றும் கேட்கக் கூடாது. இரண்டையும் எடுத்துவிட்டால் என்னிடம் வேறு வார்த்தையே இல்லை என்பதை அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

நாலு இருபதுக்கு வந்த பஸ்ஸில் இறங்கினாள். கம்பியைப் பிடித்து, ஒரு படி, இன்னொரு படி என்று மெதுவாக. வியர்த்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். சோர்வாக இருந்தாள். ஆனால் உதடு ஈரமாக இருந்தது.

"எத்தனை நேரமா இந்த வெயில்ல நிக்கறீங்க?" என்றாள்.

"இப்பத்தான் வந்தேன்."

"பேக்கரிக்காரரு அப்புடிச் சொல்லலயே. ரெண்டு மணியில இருந்து நிக்கறாருன்னு ரெண்டு விரலக் காட்டறாரு."

பையை வாங்கிக்கொண்டேன். நான் வந்த வண்டியை எடுக்காமல் நடந்தோம். எனக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவளே பேசினாள்.

"ஊசி, எறும்பு கடிச்சாப்பலத்தானுங்க இருந்துச்சு. கொஞ்சமாத்தான் ஏத்தியிருக்காங்க. அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். பாத்துப் பாத்துத்தான் இறுக்கணுமாம்."

அப்படியானால் எடுக்கவில்லை. அவள் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நின்றாள். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"எடை முழுசா எறங்க ரெண்டு வருசங்கூட ஆகுமாம்ப்பா. நடுவுல சில மாசம் ஒண்ணுமே கொறையாதாம். என்னால முடியுமுங்க. உங்களால முடியுமா?"